பிள்ளை பிறக்குமுன் பாலுக்கு ஆயத்தம்

2022 ஆம் ஆண்டு, நாட்டில் பால்மாவுக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசையில் நின்ற நாட்கள். ஒரு காலை எமது பங்குமனை வாசலில் ஓர் இளம் தந்தை வந்து நின்றார். கடற்றொழிலாளி. மண்ணெண்ணெய் இல்லாமல் படகு கரையில் கிடந்தது. வீட்டில் இரண்டு மாதக் குழந்தை. பேணியில் மா முடிந்துவிட்டது. பக்கத்துக் கடையில் மா இல்லை. இருக்கிற கடையில் வாங்க அவரிடம் பணம் இல்லை. நாம் தேடிப்பிடித்து ஒரு பேணி வாங்கிக் கொடுத்தோம். அடுத்த கிழமையும் கொடுத்தோம். அவர் மூன்றாம் முறை வந்தபோதுதான், பிள்ளைக்கு ஏன் தாய்ப்பால் இல்லை என்று கேட்க எமக்குத் தோன்றியது.

அவர் சொன்ன கதை புதினமானதல்ல. பிள்ளை சுகமாகப் பிறந்தது. தாயும் பிள்ளையும் வீடு வந்தார்கள். இரண்டாம் நாள் இரவு பிள்ளை விடாமல் அழுதது. “பால் காணாது, பிள்ளை பசியில் அழுகுது” என்றார் மாமி. அயலில் உள்ளவர்களும் அதையே சொன்னார்கள். இரவோடிரவாகக் கடையைத் தட்டி ஒரு பேணி மாவும் சூப்பிப் போத்தலும் வாங்கப்பட்டன. பிள்ளை குடித்துவிட்டு உறங்கியது. எல்லோருக்கும் ஆறுதல். மூன்று கிழமைக்குள் தாயின் மார்பில் பால் வற்றிப்போயிற்று.

எமது பகுதியின் குடும்பநல உத்தியோகத்தரிடம் இதைச் சொன்னோம். அவர் அந்த வீட்டுக்குப் போனார். பிள்ளையைத் திரும்பத் திரும்ப மார்பில் போடவைத்துப் பாலின் ஒரு பகுதியை மீட்டும் கொடுத்தார். ஆனால் எமக்கு அவர் சொன்ன வார்த்தை வேறு: “பாதர், நீங்கள் அக்கறைப்படுறது நல்லதுதான். ஆனால் அந்த வீட்டுக்கு நீங்கள் போயிருக்க வேண்டியது பிள்ளை வயிற்றில் இருக்கேக்கை. பேணியோடை போகத் தேவையில்லை, சும்மா கதைக்கப் போயிருந்தாலே போதும்.”

அந்த வார்த்தை எம்மைச் சுட்டது. தாய்ப்பாலைப் பற்றி, அதுவும் பிள்ளை பெற்று வளர்க்காத குருக்கள் எழுதுவதா என்று சிலர் சிரிக்கக்கூடும். தாய்மாருக்குத் தாய்மை கற்பிக்க நாம் வரவில்லை. தாய் பால் கொடுப்பதற்கு அவளைச் சுற்றியிருக்கும் நாம் எல்லோரும் முன்கூட்டியே ஆயத்தப்பட வேண்டும் என்பதையே இங்கு விளக்க முனைகிறோம்.

ஆயத்தம் என்றால் என்ன?

பிள்ளை பிறக்குமுன் எதையும் வாங்கி வைக்கக்கூடாது என்பது எமது கிராமங்களில் பலரது எண்ணம். அதை நாம் குறைசொல்லப் போவதில்லை. பால் கொடுப்பதற்கு வாங்கி வைக்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை. ஆனால் மாரி வருமுன் வரம்பு கட்டாத கமக்காரன் உண்டா? மழை பெய்யத் தொடங்கியபின் மண்வெட்டி தேடுபவனின் வயலில் தண்ணீர் நிற்காது. பாலும் அப்படித்தான். இயற்கை அதைத் தருகிறது; அதைக் காக்கும் வரம்பை வீட்டார் முன்கூட்டியே கட்ட வேண்டும்.

எமது நாடு தாய்ப்பாலூட்டலில் பின்தங்கிய நாடன்று. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே பெற்றனர். உலகின் பல நாடுகள் இன்னும் எட்டாத நிலை இது. ஆகவே எமது தாய்மாரிடம் மனம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. மனம் இருந்தும், முதல் சில நாட்களில் துணை இல்லாமல் தளர்ந்துபோகும் வீடுகளே எமது கவலை.

பால் எப்போது உண்டாகிறது?

பிள்ளை பிறந்த பின்புதான் பால் உண்டாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கர்ப்ப காலத்தின் நடுப்பகுதியிலேயே மார்பு முதற்பாலைச் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. சிலருக்குக் கடைசி மாதங்களில் அது துளித்துளியாக வெளிவருவதும் உண்டு, சிலருக்கு வராது. வராவிட்டால் பால் இல்லை என்று பொருளல்ல.

பிரசவத்தில் நச்சுக்கொடி வெளியேறியதும் தாயின் இரத்தத்தில் சில ஓமோன்களின் அளவு சடுதியாகக் குறைகிறது. அந்த மாற்றமே பால் பெருக வழிவிடுகிறது. பால் பெருகி மார்பு நிறைவதற்குப் பொதுவாக இரண்டு முதல் நான்கு நாட்கள் செல்லும். அதுவரை கிடைப்பது முதற்பால். மஞ்சள் நிறமாக, தடிப்பாக, கொஞ்சமாகவே இருக்கும். “இது பழைய பால், பீச்சி ஊற்று” என்று முன்னர் சொன்னவர்கள் உண்டு. அது பெருந்தவறு. நோயை எதிர்க்கும் பொருட்களும் உயிர்ச்சத்து ஏயும் அதில் செறிந்திருக்கின்றன. பிள்ளைக்குக் கிடைக்கும் முதலாவது தடுப்பு மருந்து அதுவே எனலாம்.

அளவு குறைவு என்பதும் குறையல்ல. பிறந்த முதல் நாளில் குழந்தை ஒரு தடவையில் குடிப்பது ஒரு தேக்கரண்டி, மிஞ்சினால் இரண்டு. அந்தச் சின்ன வயிற்றுக்கு அதுவே போதும். அந்த இடத்தில் ஒரு போத்தல் மாப்பாலை ஊற்றினால் பிள்ளை பல மணித்தியாலம் உறங்கும், மார்பைத் தேடாது.

மார்பைத் தேடாவிட்டால் என்ன நடக்கும்? இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பது எமது முன்னோர் கண்ட உண்மை. பிள்ளை உறிஞ்சும்போது தாயின் மூளையிலிருந்து இரண்டு ஓமோன்கள் புறப்படுகின்றன. ஒன்று பாலைச் சுரக்க வைக்கிறது. மற்றது சுரந்த பாலை வெளியே தள்ளுகிறது. பால் எடுக்கப்படாமல் மார்பில் தேங்கினால், “இனித் தேவையில்லை” என்று உடல் கணக்கெடுத்துச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். எனவே மாப்பால் கூடக் கூடத் தாய்ப்பால் குறையும். “பால் காணாது” என்று சொல்லிப் போத்தலை எடுத்த வீட்டில், கொஞ்ச நாளில் அது உண்மையாகிவிடுகிறது.

மார்பை ஆயத்தப்படுத்த வேண்டுமா?

முலைக்காம்பைத் துவாயால் தேய்த்து உரப்பாக்க வேண்டும், எண்ணெய் பூசி இழுக்க வேண்டும் என்று கர்ப்பிணிகளுக்குச் சொல்லப்பட்ட காலம் இருந்தது. இன்று அவை தேவையற்றவை எனத் தெளிவாகியிருக்கிறது. தட்டையான காம்புள்ள கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சிகளாலும் பிரத்தியேக மூடிகளாலும் பயனில்லை என்பதை 1994 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. தேய்ப்பதால் தோல் புண்படலாம். காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் காணப்படும் சிறு பருக்கள் போன்ற சுரப்பிகள் தாமே எண்ணெய்த் தன்மையைக் கொடுத்துத் தோலைக் காக்கின்றன. சவர்க்காரம் போட்டு அதைக் கழுவிவிடாமல் இருப்பதே போதுமான பராமரிப்பு.

காம்பு சிறிது, மார்பு சிறிது என்று கவலைப்படும் பெண்களும் உண்டு. மார்பின் பருமனுக்கும் பாலின் அளவுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. பிள்ளை காம்பை மட்டும் பற்றிக் குடிப்பதுமில்லை. கருவட்டத்தோடு சேர்த்து வாய் நிறையப் பற்றியே குடிக்கிறது. காம்பு உட்குழிந்திருந்தால் கிளினிக்கில் முன்கூட்டியே காட்டி வையுங்கள். பிள்ளை பிறந்தவுடன் உதவி கிடைக்க அது வழிசெய்யும். மார்பில் முன்னர் சத்திரசிகிச்சை நடந்திருந்தாலும், தொடர்ந்து மருந்து எடுப்பவராக இருந்தாலும் அதையும் சொல்ல வேண்டும்.

கற்றுக்கொள்ள வேண்டியது பிள்ளையைப் பிடிக்கும் முறை. ஒரு துணிச்சுருளைப் பிள்ளை போல வைத்துக் கர்ப்பிணி முன்னரே பழகலாம். பிள்ளையின் உடல் முழுவதும் தாயின் பக்கம் திரும்பி, தலையும் முதுகும் ஒரே நேராக, தாயின் உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். வாய் அகலத் திறந்த பின்பே மார்போடு அணைக்க வேண்டும். நாடி மார்பில் முட்டியும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்தும், கருவட்டத்தின் மேற்பகுதி கீழ்ப்பகுதியிலும் கூடுதலாக வெளியே தெரிந்தும் இருந்தால் பிள்ளை சரியாகப் பற்றியிருக்கிறது. தொடர்ந்து வலித்தால் பிடி சரியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காமல், சுண்டுவிரலைப் பிள்ளையின் வாயோரத்தில் விட்டு விடுவித்து மறுபடியும் தொடங்க வேண்டும்.

முதல் மணித்தியாலம்

பிள்ளை பிறந்த ஒரு மணித்தியாலத்துக்குள் மார்பில் போடுவது நல்லது. அந்நேரம் பிள்ளை விழிப்பாக இருக்கும். துணியில் சுற்றாமல் தாயின் நெஞ்சில் தோலோடு தோல் படக் கிடத்தினால் பிள்ளை சூடு தணியாமல் இருக்கும். தானே மார்பைத் தேடும். சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்ற தாயும், சுகமாக இருந்தால், தாதியரின் உதவியோடு இதைச் செய்யலாம். இந்த விருப்பத்தை மகப்பேற்று விடுதியில் முன்னரே சொல்லி வைப்பது ஆயத்தத்தின் ஒரு பகுதி.

சீனித்தண்ணீர், கற்கண்டுத் தண்ணீர், மல்லித் தண்ணீர், தேன் ஆகியவற்றைப் பிள்ளையின் நாவில் வைக்கும் வழக்கத்தைப் பற்றியும் வீட்டில் முன்கூட்டியே பேச வேண்டும். பாசத்தோடு செய்யப்படுவதுதான். எனினும் அழுக்குக் கலந்தால் வயிற்றோட்டம் வரும். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி, ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு உயிராபத்தான நோயை உண்டாக்கலாம். ஆறு மாதம் வரை தண்ணீரும் தேவையில்லை. எமது கோடை வெயிலிலும் தாய்ப்பாலில் உள்ள நீரே பிள்ளைக்குப் போதும்.

“நாங்கள் நாலு மாதத்தில் சாப்பாடு கொடுத்து வளர்த்தனாங்கள்தானே” என்று அம்மம்மாமார் கேட்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. அந்தக் காலத்து ஆலோசனை அப்படித்தான் இருந்தது. 2001 இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என அதைத் திருத்தியது. பின்னர் எமது நாடும் அதை ஏற்றுக்கொண்டது. ஆறு மாதத்துக்குப் பின் வீட்டு உணவோடு, இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம்.

இரண்டாம் நாள் இரவு

எமது கதையில் வந்த இரவு இதுவே. முதல் நாள் களைத்து உறங்கிய பிள்ளை இரண்டாம் நாள் விழித்துக்கொண்டு அடிக்கடி மார்பைக் கேட்கும். இறக்கிக் கிடத்தினால் அழும், தூக்கினால் தேடும். தாயின் மார்போ இன்னும் நிறையவில்லை. இந்த அழுகையைப் பால் இல்லை என்பதற்கான சாட்சியாக வீட்டார் கொள்கிறார்கள். உண்மையில் பிள்ளை அடிக்கடி உறிஞ்சிப் பால் பெருக வழிசெய்கிறது. இந்த இரவு வரும் என்று முன்னரே அறிந்த வீடு கலங்காது; அறியாத வீடு கடையைத் தட்டும்.

பால் போதுமா என்பதை அழுகையைக் கொண்டு அளக்கக்கூடாது. கீழ்வரும் அடையாளங்களைக் கொண்டு அளக்க வேண்டும்:

1. பிள்ளை 24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கிறது. குடிக்கும்போது விழுங்குவது தெரிகிறது.

2. ஐந்தாம் நாளிலிருந்து நாளொன்றுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்கிறது.

3. முதலில் கறுப்பாகப் போன மலம், ஐந்தாம் நாளளவில் மஞ்சளாக மாறிவிடுகிறது.

4. முதல் நாட்களில் நிறை சற்றுக் குறைவது இயல்பு. இரண்டு கிழமையளவில் பிறந்த நிறையை மீண்டும் எட்டுகிறது.

பிள்ளை பால் குடிக்க மறுத்தாலும், எழுப்ப முடியாமல் உறங்கினாலும், சிறுநீர் குறைந்தாலும், காய்ச்சல் கண்டாலும், உடல் மஞ்சளித்தாலும் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தாய்க்கு மார்பு சிவந்து நொந்து காய்ச்சல் வந்தாலும் அப்படியே.

வீட்டில் பேசி வைக்க வேண்டியவை

ஏழாம் மாதத்துக்குள் ஒரு மாலை வீட்டார் கூடியிருந்து பேச வேண்டும் என்று நாம் சொல்லி வருகிறோம். கணவனும் இருக்க வேண்டும். மாமியோ அம்மாவோ, பிள்ளைப்பேறு பார்க்க வருபவர் எவரோ அவரும் இருக்க வேண்டும். பச்சை உடம்புக்காரி நள்ளிரவில் களைத்திருக்கும்போது முடிவெடுப்பவர்கள் இவர்களே.

முதலாவது, பிள்ளை அழுதால் எவருக்கு அறிவிப்பது? குடும்பநல உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். பிள்ளை பிறந்த முதல் பத்து நாட்களுக்குள் அவர் வீடு தேடி வருவார். வைத்தியசாலையிலிருந்து வந்ததை அவருக்கு அறிவிப்பது குடும்பத்தின் கடமை. பெரிய வைத்தியசாலைகள் பலவற்றில் தாய்ப்பாலூட்டலுக்கு உதவும் தனி நிலையமும் உண்டு.

இரண்டாவது, வீட்டு வேலையை எவர் செய்வது? தாய் நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் கொடுக்கிறாள் என்றால், தண்ணீர் அள்ளுவதும் விறகு தேடுவதும் உடுப்புத் தோய்ப்பதும் அவளுடைய வேலையாக இருக்க முடியாது. மூத்த பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் அடுப்பு மூட்டுவதும் ஆண்களுக்கு இழிவல்ல. கணவனால் பால் கொடுக்க முடியாது. பால் கொடுப்பவளுக்குப் பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைக்க முடியும்.

மூன்றாவது, சாப்பாடு. பத்தியச் சரக்கு, உள்ளி, மிளகு, பால்சுறா வறை, முருங்கையிலை ஆகியவற்றை எமது மக்கள் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்கள். மீனும் கீரையும் நல்ல உணவு, கொடுங்கள். தீங்கு வருவது “அது கூடாது, இது குளிர்” என்று மரக்கறியையும் பழத்தையும் தண்ணீரையும் மறிக்கும்போதுதான். பால் கொடுக்கும் தாய்க்கு வழமையிலும் கூடுதலாக ஒரு நேரச் சாப்பாடு வேண்டும். தாகத்துக்குத் தக்க தண்ணீரும் வேண்டும். கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷவை வீடு முழுவதும் பங்கிட்டு உண்ணாமல் அவளுக்கே கொடுங்கள். கர்ப்ப காலத்தில் தரப்படும் இரும்புச்சத்துக் குளிசைகளையும் தவறாமல் எடுக்கச் செய்யுங்கள்.

நான்காவது, பேணியும் போத்தலும் வீட்டுக்கு வரலாமா? “ஒரு பாதுகாப்புக்கு” என்று வாங்கி வைக்கும் பேணி முதல் அழுகையிலேயே திறக்கப்பட்டுவிடும். தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளைப் பொதுமக்களிடம் விளம்பரப்படுத்துவதற்கு எதிராக 1981 இல் உலக சுகாதாரப் பேரவை சர்வதேச விதிக்கோவை ஒன்றை நிறைவேற்றியது. இலங்கையும் தனக்கென விதிக்கோவையை வகுத்துக்கொண்டது. ஆனால் உறவினரின் அன்பளிப்புக்கு எந்த விதிக்கோவையும் இல்லை. பிள்ளை பார்க்க வருபவர்கள் பேணிக்குப் பதிலாகத் தாய்க்கு முட்டையோ மீனோ பழமோ கொண்டு வரட்டும்.

வேலைக்குப் போகும் தாய்மார்

ஆடைத் தொழிற்சாலைக்கோ தோட்டத்துக்கோ திரும்ப வேண்டிய தாய் அதையும் முன்னரே திட்டமிட வேண்டும். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தொழிலாளத் தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு பாலூட்டல் இடைவேளைகள் உண்டு. பிள்ளை பராமரிப்பு இடம் இருந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது அரை மணித்தியாலம்; இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். கையால் பால் எடுக்கும் முறையைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பழகிக்கொள்ளலாம். சுத்தமான மூடிய பாத்திரத்தில் எடுத்த பால் அறை வெப்பத்தில் நான்கு மணித்தியாலம் வரை இருக்கும். போத்தல் வேண்டாம், சிறிய கோப்பையால் பருக்கலாம்.

பால் கொடுக்க முடியாதபோது

சில தாய்மாரால், நோய் காரணமாகவோ மருந்து காரணமாகவோ, பால் கொடுக்க முடியாமற் போகும். மிகச் சிலருக்கு எவ்வளவு முயன்றாலும் பால் போதாது. தாயை இழந்த பிள்ளைகளும் உண்டு. அந்த வீடுகளுக்கு வைத்தியரின் ஆலோசனையோடு மாப்பால் தேவைப்படும். அதைச் சரியான அளவில், கொதித்த நீரில், சுத்தமாகக் கரைக்கக் கற்றுக்கொடுப்பதும் அதற்கான செலவில் உதவுவதும் எமது கடமை. அந்தத் தாயை ஒருவரும் குற்றவாளியாகப் பார்க்கலாகாது. அவளுக்கும் ஆறுதல் வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

எமது கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் இதற்குப் பெரும் பணம் தேட வேண்டியதில்லை. ஊரில் கர்ப்பிணிகள் எத்தனை பேர் என்று அறிந்து வைத்திருங்கள். கிளினிக் நாளில் வாகனம் இல்லாதவரைக் கூட்டிச் செல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கான வகுப்புக்குக் கணவனையும் மாமியையும் அனுப்புங்கள். நன்றாகப் பால் கொடுத்து வளர்த்த ஒரு தாயைப் புதிய தாயின் வீட்டில் முதல் கிழமை ஒருமுறை போயிருக்கச் செய்யுங்கள்.

நாம் சொன்ன குடும்பத்தில் 2024 இல் இரண்டாவது பிள்ளை பிறந்தது. இம்முறை மாமி வகுப்புக்கு வந்திருந்தார். முன்வரிசையில் இருந்து, எமக்கே விடை தெரியாத கேள்விகள் கேட்டார். இரண்டாம் நாள் இரவு அந்தப் பிள்ளையும் அழுதது. மாமி எழும்பி விளக்கைப் போட்டார். மருமகளின் முதுகுக்குத் தலையணை வைத்து, பிள்ளையை எடுத்து மார்பில் கொடுத்துவிட்டு, அடுப்பில் கஞ்சி வைக்கப் போனார். விடியும்வரை அப்படியே இருமுறை எழும்பினாராம். நான்காம் நாள் பால் நிறைந்தது.

அந்தத் தந்தை இப்போது எமது வாசலுக்கு வருவது கடலால் வந்தபின், சில வேளை ஒரு கோர்வை மீனோடு.